நல்லவர்களுக்கு ஏன் துன்பம்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

இன்பமும் துன்பமும் இரவும் பகலும் போல மாறி மாறி வரும் என்று கட்டுரை நோட்டில் எழுதி நாங்கள் பலமுறை மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் இரவு எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவாக வருகிறது. துன்பம் அப்படி வருவதில்லை. காலையில் திருப்பலி, மாலையில் செபமாலை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி என்று வாழும் குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக நோயில் விழுகிறார்கள். கோயில் வாசற்படியையே மிதிக்காதவர் வீட்டில் மாடிமேல் மாடி எழும்புகிறது. கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்று மறைக்கல்வியின் முதல் பாடத்திலேயே படித்துவிட்டோம். அப்படியானால் அவரை நம்புகிறவர்களுக்கு ஏன் இந்தச் சோதனை?

இந்தக் கேள்வியை எங்கள் வகுப்புக்குக் கொண்டு வந்தவள் எங்கள் தோழி ஒருத்தி. இவ்வாண்டு பள்ளி திறந்த இரண்டாம் மாதத்தில் அவளுடைய தந்தை நோயுற்று இறந்துபோனார். பங்கில் எந்த வேலையானாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர். அடக்கத்திற்கு நாங்கள் எல்லாரும் சென்றிருந்தோம். அங்கே துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசியவை எங்கள் காதிலும் விழுந்தன. "வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சையைச் செலுத்தாமல் விட்டிருப்பீர்கள்" என்றார் ஒருவர். "எந்தத் தலைமுறைப் பாவமோ!" என்றார் இன்னொருவர். "நல்லவர்களைத்தான் ஆண்டவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்" என்று மற்றொருவர் தேற்றினார். பத்து நாட்கள் கழித்துப் பள்ளிக்கு வந்த எங்கள் தோழி, மறைக்கல்வி வகுப்பில் எழுந்து நின்று, "சிஸ்டர், நேர்ச்சை செலுத்தாததற்காகக் கடவுள் அப்பாவை எடுத்துக்கொள்வாரா?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் வாயடைத்து இருந்தது. சகோதரி அவர்கள், "இல்லை" என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிட்டு, அன்றைய பாடத்தை மூடி வைத்து, பழைய ஏற்பாட்டில் யோபு நூலை எடுக்கச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு அதிகாரங்கள். அந்தப் பருவம் முழுவதும் அதையே படித்தோம். அப்படிப் படித்ததில் எங்களுக்கு விளங்கிய அளவை இங்கே எழுதுகிறோம்.

யோபுவின் கதை நம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊசு நாட்டில் வாழ்ந்த நேர்மையாளர். ஏழாயிரம் ஆடுகளும் மூவாயிரம் ஒட்டகங்களும் உடையவர். ஒரே நாளில் செல்வத்தையும் ஏழு புதல்வர் மூன்று புதல்வியர் ஆகிய பத்துப் பிள்ளைகளையும் இழந்தார். பிறகு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை புண் வந்தது. ஆயினும் பொறுமையாய் இருந்தார். இறுதியில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது. பிரசங்கங்களில் நாங்கள் கேட்ட யோபு இவ்வளவுதான். ஆனால் இது நூலின் முதல் இரண்டு அதிகாரங்களும் கடைசி அதிகாரமும் மட்டுமே. நடுவில் உள்ள முப்பத்தொன்பது அதிகாரங்களில் யோபு பொறுமையாகவே இல்லை! தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். கடவுளை வழக்குமன்றத்துக்கு அழைக்கிறார். தம்மேல் உள்ள குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்கும்படி கேட்கிறார். புனித நூலில் இப்படியெல்லாம் பேச இடம் உண்டா என்று எங்களுள் சிலருக்கு முதலில் பயமாகக்கூட இருந்தது.

அவரைப் பார்க்க எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். நாங்கள் அதிகமாகப் பேசிக்கொண்டது இவர்களைப் பற்றித்தான். வந்தவுடன் அவர்கள் செய்தது மிக நல்ல செயல். தொலைவிலேயே நண்பரைக் கண்டு, அடையாளம் தெரியாமல் அழுது, அவரோடு தரையில் உட்கார்ந்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். அத்தோடு எல்லாம் கெட்டது. கடவுள் நீதியுள்ளவர்; நீதியுள்ளவர் குற்றமற்றவனைத் தண்டிக்க மாட்டார்; நீ தண்டிக்கப்படுகிறாய்; ஆகவே நீ குற்றவாளி. இதுதான் அவர்கள் வாதம். எலிப்பாசு இதைப் பதமாகச் சொல்கிறார். பில்தாது இறந்துபோன பிள்ளைகளையே குற்றம் சொல்கிறார். சோப்பார், உனக்குக் கிடைத்த தண்டனை குறைவு என்கிறார். மாறி மாறிப் பேசி, முன்றாம் சுற்றில் சோப்பாருக்குச் சரக்கு தீர்ந்துவிடுகிறது. பிறகு எலிகூ என்னும் இளைஞர் ஒருவர் எழுந்து ஆறு அதிகாரங்கள் பேசுகிறார். (எங்களுக்கு அவை சற்று நீளமாகவே தோன்றின.)

கணக்குப் பாடத்தில் விடையிலிருந்து பின்னோக்கிப் போய் வழியைக் கண்டுபிடிப்பது போல, இவர்கள் துன்பத்திலிருந்து பின்னோக்கிப் போய்ப் பாவத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் நாட்டிலும் இது பழகிய கணக்குத்தான். முற்பிறவியில் செய்த வினை இப்பிறவியில் வந்து வாட்டுகிறது என்று நம் முன்னோர் பலர் நம்பினார்கள். கத்தோலிக்கராகிய நாம் முற்பிறவி என்பதை விட்டுவிட்டோம். ஆனால் கணக்கை மட்டும் விடவில்லை. வினைக்குப் பதிலாக, செலுத்தாத நேர்ச்சையையும் தவறவிட்ட பூசையையும் வைத்துக்கொண்டோம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இறுதியில், முப்பத்தெட்டாம் அதிகாரத்தில், சூறாவளியின் நடுவிலிருந்து கடவுளே பேசுகிறார். ஏன் என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிடும் என்று ஆவலோடு பக்கத்தைத் திருப்பினோம். கடவுளோ விடை சொல்லாமல் கேள்வி கேட்கிறார். உலகுக்கு அடித்தளமிட்டபோது யோபு எங்கே இருந்தார்? பனிக்கட்டியின் களஞ்சியத்தைப் பார்த்திருக்கிறாரா? சிங்கக்குட்டிக்கு இரை தேடித் தருபவர் யார்? வரையாடு எப்போது ஈனும்? நான்கு அதிகாரங்களிலும் யோபுவின் ஆடுகளைப் பற்றியோ புண்ணைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நூலின் தொடக்கத்தில் விண்ணகத்தில் சாத்தானோடு நடந்த உரையாடல் வாசகர்களாகிய நமக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை தெரிவிக்கப்படவே இல்லை. எங்களுள் ஒருத்தி, இது நியாயமா என்று கேட்டாள். நியாயம் என்று எங்களில் யாருக்கும் சொல்லத் துணிவில்லை. ஆனால் யோபு அத்தோடு அமைதி அடைந்தார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவர் கேட்டது விளக்கம். கிடைத்ததோ கடவுளே நேரில் வந்தது.

அதற்கு அடுத்து வருவதுதான் எங்களை மிகவும் வியக்க வைத்தது. கடவுளுக்காக இத்தனை அதிகாரங்கள் வாதாடிய அந்த நண்பர்கள்மேல் கடவுள் சினம் கொள்கிறார். தம்மைக் கேள்வி கேட்டுக் கூச்சலிட்ட யோபுதான் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினார் என்றும், அந்த மூவரும் அப்படிப் பேசவில்லை என்றும் தீர்ப்பளிக்கிறார். அவர்கள் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கிடாய்களையும் பலி செலுத்த வேண்டும். யோபு அவர்களுக்காக மன்றாட வேண்டும். துன்பப்படுகிறவரிடம் பொய்க் காரணம் சொல்வது அவரைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. அது கடவுளைப் பற்றியே பொய் சொல்வதாகும். இதைப் படித்த அன்று எங்கள் தோழி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டதைப் பார்த்தோம்.

நம் ஆண்டவரும் இதே கணக்கை இரண்டு இடங்களில் தள்ளிவிடுகிறார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார்.

சீலோவாம் கோபுரம் நமக்கு வெகு தொலைவில் இருப்பதாக நினைக்க வேண்டாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் ஞாயிறு காலை, ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கரையில் ஏறியது. அப்போது நாங்கள் பிறக்கவில்லை. பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அலை பேராலயத்துக்குள் நுழையவில்லை. கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் கடைக்காரர்களும் ஊர் மக்களும் ஏராளமாக மாண்டார்கள். கோயிலுக்குள் இருந்தவர்களை மாதா காப்பாற்றினார் என்று நன்றியோடு சொல்கிறார்கள். சொல்லட்டும், உயிர் பிழைத்தவர் நன்றி கூறத்தான் வேண்டும். ஆனால் கரையில் நின்றவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தாமே? மொட்டையடித்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பிள்ளைகளுக்குக் கடல் காட்டப் போனவர்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று எந்த வாயால் சொல்வது? 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு அருகே கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தபோது, கோயிலுக்கு வந்தவர்களே இறந்தார்கள். அன்று ஆலயத்துக்கு வரச் சோம்பிப் படுத்திருந்தவர் பிழைத்திருப்பார். ஒரு நாள் கோயில் காத்தது, ஒரு நாள் கோயிலில் இருந்ததே ஆபத்தாயிற்று. எலிப்பாசும் பில்தாதும் எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் இரண்டு நாளுக்கும் பொருந்துகிற ஒரே விடை வராது.

ஏப்ரல் 21இல் நடந்ததற்கு மனிதர் காரணம். அதைக் கடவுள்மேல் போடக் கூடாது. மனிதனுக்கு மனச் சுதந்திரம் தந்திருக்கிறார். அதை அவன் கெடுதலுக்கும் பயன்படுத்துகிறான் என்று திருச்சபை கற்பிக்கிறது. இது நமக்கு எளிதாகப் புரிகிறது. நோயும் கடலும்தான் புரியாமல் நிற்கின்றன.

யோபு நூலோடு நெருங்கிய தொடர்புள்ள புனிதர் ஒருவர் நம் மண்ணிலேயே இருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நீலகண்டன் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலராக இருந்தார். 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர் தோற்றபோது பிடிபட்ட டிலனாய் என்னும் கத்தோலிக்கர், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளிப்பவரானார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். அந்தக் காலத்தில் நீலகண்டனுக்கு ஆடுமாடுகள் மடிந்தும் பயிர் அழிந்தும் தொடர்ந்து இழப்புகள் வந்தன என்றும், எனக்கு ஏன் இப்படி என்று மனம் வருந்திய அவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்றும் வரலாறு கூறுகிறது. நாங்கள் வகுப்பில் கேட்ட அதே கேள்வி. எடுத்துத் தரப்பட்டதும் அதே நூல்!

1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று இட்டார்கள். கடவுளின் உதவி என்பது அதன் பொருள். மனைவி பார்கவியம்மாள் ஞானப்பூ ஆனார். சரி, இனி ஆடுமாடு பெருகியது, துன்பம் தீர்ந்தது என்று கதை முடிய வேண்டுமல்லவா? நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 1749 பிப்ரவரி 23ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். தாழ்ந்தவர் எனப்பட்டவர்களோடும் சமமாகப் பழகியது அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள், முட்கம்புகளால் அடித்தார்கள், புண்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின், 1752 ஜனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் உள்ள அவர் கல்லறையை எங்களுள் சிலர் பார்த்திருக்கிறோம்.

நாங்கள் நினைத்துப் பார்ப்பது இதைத்தான்: மாடு செத்ததற்குப் பரிகாரம் தேடித்தான் தேவசகாயம் கிறிஸ்துவிடம் வந்தார் என்றால், முதல் அடி விழுந்த அன்றே திரும்பிப் போயிருப்பார். இழப்பைத் தீர்த்து வைப்பதாக டிலனாய் அவருக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. யோபுவைக் காட்டினார். அடிபட்டவரோடு நிற்கும் கடவுளைக் காட்டினார். அந்தக் கடவுளே ஒரு காலத்தில் அடிபட்டார், முள்முடி தாங்கினார், துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலாதா என்று இரத்த வியர்வை வியர்த்துச் செபித்தார், சிலுவையில் தொங்கும்போது தாமே "ஏன்" என்று தந்தையைக் கேட்டார் என்பதுதான் நம் வேதத்தில் யோபு நூலுக்கு மேலாக இருப்பது. அந்தக் கேள்வியைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று இனி எங்களிடம் யாரும் சொல்ல முடியாது.

சிறுமலர் தெரேசம்மாளைப் பற்றியும் சில வரிகள். நம் பள்ளி மாணவியர் பலருக்கு அவர் பாதுகாவலி; ரோசாப்பூக்களோடு புன்னகைக்கும் படம் எல்லார் வீட்டிலும் இருக்கும். 1888இல் எங்கள் வயதில், பதினைந்து வயதில், பிரான்சு நாட்டு லிசியே நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே அவர் அன்புத் தந்தை மனநோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பெண்கள் எல்லாரும் மடத்துக்குப் போனதால்தான், அதிலும் செல்லக் கடைக்குட்டி போனதால்தான் அவருக்கு இப்படி ஆயிற்று என்று ஊரார் பேசினார்கள். பாருங்கள், எலிப்பாசு லிசியேயிலும் இருந்திருக்கிறார்! பிறகு தெரேசம்மாளுக்கே காசநோய் வந்தது. 1896 பாஸ்கா காலம் முதல், விண்ணகம் என்று ஒன்று இருக்கிறதா என்னும் இருள் அவர் உள்ளத்தைச் சூழ்ந்தது. அந்த இருட்டில் விசுவாச அறிக்கையைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30ஆம் நாள், 24 வயதில் இறந்தார். அவர் தந்தை லூயி மார்ட்டினும் தாய் செலியும் 2015இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

துன்பத்தைப் பற்றித் திருமடல் ஒன்றே எழுதிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அதை நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதவில்லை. 1981 மே 13ஆம் நாள் உரோமைப் பேதுரு சதுக்கத்தில் அவர் சுடப்பட்டார். 1983 டிசம்பர் இறுதியில், சுட்டவரைச் சிறையில் சென்று கண்டு பேசினார். ஆறு வாரங்களில், 1984 பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து மாதா திருநாளன்று அம்மடல் வெளியாயிற்று. துன்பம் எல்லாம் தண்டனை அல்ல என்று யோபுவைக் காட்டியே அதில் விளக்குகிறார். முடிவில் நல்ல சமாரியர் உவமைக்கு வந்துவிடுகிறார். வழியில் அடிபட்டுக் கிடந்தவன் ஏன் அடிபட்டான் என்று சமாரியர் விசாரிக்கவே இல்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினார்.

இதைப் படித்த பிறகு எங்கள் வகுப்பில் ஒரு வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். எங்கள் தோழி வராத பத்து நாள் பாடங்களை ஆளுக்கு ஒரு பாடமாக நோட்டில் எழுதிக் கொடுத்தோம். அவள் தாயார் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டதால், மாலையில் அவள் தம்பியைத் தொடக்கப் பள்ளியிலிருந்து இருவர் மாறி மாறி அழைத்துப் போகிறோம். போகிற வழியில் அவன் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

யோபு நூலின் கடைசிப் பக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. யோபுவுக்கு மீண்டும் ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் பிறந்தார்கள். புதல்வர் பெயர்களைச் சொல்லாத நூல், எமிமா, கெட்சியா, கெரேன் அப்பூக்கு என்று புதல்வியர் மூவரின் பெயர்களையும் சொல்கிறது. அவர்களுக்கும் சகோதரர்களோடு சொத்துரிமை கொடுத்தார் என்றும் சொல்கிறது. அந்தக் காலத்திலேயே! பெண்கள் பள்ளியில் இதற்கு எவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கள் தோழி வேறொன்று கேட்டாள். ஆடுமாடுகளை இரட்டிப்பாகத் தந்த கடவுள் பிள்ளைகளை மட்டும் ஏன் இருபதாகத் தராமல் பத்தாகவே தந்தார்? முதலில் இறந்த பத்துப் பேரும் கடவுளிடம் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தால் இருபது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு என்றார்கள் சகோதரி. அவள் சிறிது நேரம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவுத் திருப்பலியில் பெயர்களை வாசித்தபோது, அவள் தந்தையின் பெயரும் இருந்தது. நாங்கள் ஒரே வரிசையில் முழந்தாளிட்டிருந்தோம்.